ராஜமுந்திரிக்குப் போன முந்திரிக்கொத்து

தம்பிய ஆந்திரால உள்ள ராஜமுந்திரிக்கு மாத்திட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு எங்க அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. "முந்திரிக்கொத்துப் பலகாரம்னா உசுர விடுவாம்லா, அதான் ஆண்டவர் பாத்து முந்திரி ஊருக்கே அனுப்பி வச்சிட்டாரு"ன்னா. அன்னிலேருந்து அவளுக்கு அது ராஜமுந்திரி இல்ல, முந்திரி ஊருதான். போஸ்ட் ஆபீஸ்ல அட்ரஸ் எழுதும்போதுகூட நான் ஒரு செகண்ட் குழம்பிட்டேன்னா பாத்துக்கோங்க.

என் தம்பி ரெண்டு வருஷம் மார்மன் மிஷனரியா போயிருந்தான். மார்மன்னு சொன்னா இப்ப அவங்களுக்கு அவ்வளவா பிடிக்காது, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு முழுசா சொல்லணும்பான், நான் ஒவ்வொரு தடவையும் அத சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ் போயிரும், அதனால இங்க மார்மன்னே எழுதுறேன், படிச்சான்னா சண்டைக்கு வரட்டும். 2022 அக்டோபர்ல போனான், 2024 அக்டோபர்ல வந்தான். நடுவுல வந்த ரெண்டு கிறிஸ்மஸ்ல ரெண்டாவது கிறிஸ்மஸ் பத்திதான் எழுத வந்தேன், ஆனா கொஞ்சம் முன்கதை சொல்லாம முடியாது.

எங்க ஊரு ஏரல் பக்கம். இப்ப தூத்துக்குடி மாவட்டம், 1986ல பிரிச்சிட்டாங்க, ஆனா வெளியூர்ல யாரு கேட்டாலும் திருநெல்வேலின்னுதான் வாயில வரும். தாமிரபரணித் தண்ணி, வாழை, நெல்லு. தாத்தா சிஎஸ்ஐ சபைல உபதேசியாரா இருந்தவங்க, அப்பா சேகரக் கமிட்டில இருந்தாவ, நானு பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல டீச்சர், ஆகமொத்தம் கோயில் மணி அடிச்சா எந்திரிக்கிற குடும்பம். இதுல சென்னைக்குப் படிக்கப் போனவன், ரூம்ல கூட இருந்த பையன் கூப்பிட்டான்னு ஒரு ஞாயித்துக்கிழமை அந்த சபைக்குப் போயி, அப்புறம் வாராவாரம் போயி, ஒருநாள் லீவுக்கு வந்து கறிக்குழம்ப பிசைஞ்சிக்கிட்டே ஞானஸ்நானம் எடுத்துட்டேன்னு சொல்றான். அப்பா கைய கழுவிட்டு எந்திரிச்சாவ. "நீ மூணு மாசக் குழந்தையா இருக்கும்போதே எடுத்தாச்சுல்லா, போதகர் ஐயர் உன் தலைல தண்ணி ஊத்துன போட்டோ பீரோல இருக்கு"ன்னாவ. அது கணக்குல வராது, தண்ணிக்குள்ள முழுசா முங்கணும்னு இவன். பைபிளுக்கு மேல மார்மன் புத்தகம்னு இன்னொரு புக்கு எதுக்குலன்னு அப்பா. இப்படியே ரெண்டு வருஷம்.

சண்டைகூட சரித்திரச் சண்டையாத்தான் நடக்கும் எங்க வீட்டுல. இவன் ஒருநாள் 1853லயே எங்க ஆளுங்க அமெரிக்காலேருந்து மெட்ராஸ்க்கு வந்துட்டாங்க தெரியுமான்னு பெருமையா ஆரம்பிச்சான். ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒருத்தர், அவங்க சபைல சண்டே ஸ்கூலையே ஆரம்பிச்சு வச்சவராம், சால்ட் லேக்லேருந்து கிளம்பி, கப்பல்ல வந்து மெட்ராஸ்ல ஊழியம் பண்ணிருக்காரு. அப்பா பேப்பர்லேருந்து தலைய தூக்காமலே கேட்டாவ, "எத்தன வருஷம் இருந்தாரு?" ஒரு வருஷம். "நம்ம கால்டுவெல் ஐயரு இடையன்குடி கோயில கட்ட மட்டும் 33 வருஷம் ஆச்சு, 1847ல ஆரம்பிச்சு 1880ல முடிச்சாரு, அந்த மண்ணுலயே படுத்துட்டாரு. உங்காளு வெயிலு தாங்கலன்னு போயிருப்பாரு." அதுக்கு மேல இவனால பேச முடியல. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

மிஷனுக்குப் போறேன்னு சொன்னப்பதான் நெஜமாவே வீடு ரெண்டாச்சு. சம்பளம் கிடையாது, இருக்குற வேலையையும் விடணும், ரெண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வர முடியாது, எந்த ஊருக்கு அனுப்புதாங்களோ அங்க போகணும். அமெரிக்காக்காரன் காசு குடுக்கானாம்னு ஊருக்குள்ள பேச்சு வேற. நம்ம கைக்காசத்தான் போடணும்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. அவன் வேலை பாத்து சேத்து வச்சதத்தான் எடுத்துட்டுப் போனான், பத்தாததுக்கு சபைலேருந்து உதவி.

அப்பத்தான் அம்மா, அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவ, அடுப்படிலேருந்து ஒண்ணு சொன்னா. "உங்க ஆச்சி தெனமும் உலைல போடுற அரிசிலேருந்து ஒரு பிடி எடுத்து பானைல போட்டு வச்சாவளே, எதுக்கு?" பிடியரிசி. எங்க பக்கத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்காக சொல்றேன். 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வெள்ளாளன்விளைல பொறந்த அசரியாதான் அதுக்கு முக்கியமான ஆளு, பின்னால ஆங்கிலிகன் சபைல முதல் இந்திய பேராயரா ஆனவரு. வெள்ளைக்காரங்க நமக்கு மிஷனரி அனுப்புன காலம் போதும், நாம அனுப்புவோம்னு தெலுங்கு தேசத்துக்கு, டோர்னக்கல் பக்கம், நம்ம ஊர் ஆளுங்களையே அனுப்புனாங்க. அதுக்கு இங்க உள்ள ஏழைப்பட்ட பொம்பளைங்க பிடியரிசி போட்டாங்க. "அன்னிக்கு ஊரான் புள்ளைங்க போறதுக்கு அரிசி போட்டிய, இன்னிக்கு நம்ம புள்ள அதே தெலுங்கு தேசத்துக்குப் போனா மட்டும் வலிக்கோ"ன்னு கேட்டா. அப்பா பதில் சொல்லல. அது வேற சபைங்கிறது அம்மாவுக்கும் தெரியும், அவளுக்கும் அது பிடிக்கலதான், ஆனா கேள்வி நல்ல கேள்வி.

அப்பாவுக்கு இன்னொரு சோதனை அந்த பேட்ஜுல வந்துச்சு. மிஷனரி பசங்க சட்டைப் பையில கறுப்பு கலர்ல ஒரு பேட்ஜ் மாட்டியிருப்பாங்க பாருங்க, அதுல சபைப் பேரோட, எல்டர்னு போட்டு குடும்பப் பேரு மட்டும்தான் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேருதான். அதனால ரெண்டு வருஷமும் தெலுங்கு தேசம் பூரா அவன எல்டர்னு சொல்லி எங்க அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிட்டுருக்காங்க. தமிழ்ல எல்டருக்கு மூப்பர்னு அர்த்தம்னு சொன்னதுக்கு அம்மா, "இருபத்தொரு வயசுல மூப்பராம், மீசையே ஒழுங்கா வரல"ன்னா. அப்பா அந்த பேட்ஜ் போட்டோவ ஃபோன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தத நான் பாத்தேன். ஆனா பேசல. போறதுக்கு முந்தின நாள்லேருந்து பேச்ச நிறுத்துனாவ.

ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வரப் போனப்ப ஒவ்வொரு வீட்டுலயும் டீ குடுப்பாங்கல்லா, மார்மன்காரங்க டீ காபி குடிக்க மாட்டாங்க, இவனும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டே வந்தான், எங்க பெரியம்மா என்னைய ஓரமா கூட்டிட்டுப் போயி "ஏட்டி, தம்பிக்கு சுகரா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். விளக்கம் சொல்றத விட அது லேசு.

அவங்க வாழ்க்கை கிட்டத்தட்ட ஹாஸ்டல் மாதிரிதான், ஆனா வார்டன் நம்ம மனசுக்குள்ளயே இருப்பாரு. காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், ராத்திரி பத்தரைக்கு லைட்ட அணைக்கணும். படிப்பு, ஜெபம், தெலுங்கு. சினிமா கிடையாது, டிவி கிடையாது. எங்க போனாலும் ரெண்டு பேராத்தான் போகணும், கூட இருக்குறவன கம்பேனியன்னு சொல்றாங்க, அவன விட்டுட்டு கடைக்குக்கூட போகக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருக்கா ட்ரான்ஸ்ஃபர்னு ஒண்ணு வரும், அதுல ஊரு மாறலாம், கூட்டாளி மாறலாம். அம்மாவுக்கு அதுதான் புரியவே இல்ல, ஒரு பையன் பேர மனப்பாடம் பண்ணி முடிக்கதுக்குள்ள அடுத்தவன் வந்துருவான். ராஜமுந்திரில இருந்தப்ப கூட இருந்தது டெல்லிக்காரப் பையன். அவனுக்கு ஹிந்தி, அம்மாவுக்கு ஏரல் தமிழ். "சாப்ட்டியாய்யா"ன்னு இவ கேப்பா, "சாப்டேன் அம்மா"ன்னு அவன் சொல்லுவான். என்ன சாப்ட்டன்னு கேட்டாலும் சாப்டேன் அம்மாதான். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாலும் அதேதான். அம்மாவுக்கு அந்தப் பையன் மேல தனிப் பாசம், எதுத்துப் பேசமாட்டான்னு.

திங்கக்கிழமைதான் அவங்களுக்கு லீவு மாதிரி. துணி துவைக்கிறது, வீடு கூட்டுறது, கிரிக்கெட் விளையாடுறது, வீட்டுக்குப் பேசுறது எல்லாம் அன்னிக்கு. இந்த வாராவாரம் பேசுறதே 2019 பிப்ரவரிலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டே தடவை, கிறிஸ்மஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு, மிச்ச நாளெல்லாம் ஈமெயில். அந்தக் காலத்துல போயிருந்தான்னா அம்மா தாங்கிருப்பாளான்னு நெனச்சுப் பாப்பேன். திங்கக்கிழமை பதினோரு மணின்னா அம்மா அடுப்ப அணைச்சிட்டு, முகம் கழுவி, தலை சீவி, ஃபோன சர்க்கரை டப்பால சாய்ச்சு வச்சிட்டு உக்காந்துருவா. அப்பா திண்ணைல பேப்பரோட. அந்தத் திண்ணைலேருந்து ஃபோன்ல பேசுறது நல்லா கேக்கும், அத மட்டும் சொல்லிக்கிறேன்.

முதல் கிறிஸ்மஸ் 2022ல ஹைதராபாத்ல இருந்தான். அங்க அவங்க சபை நல்ல பெருசு, வீடு வீடா கூப்பிட்டு பிரியாணியா போட்டுருக்காங்க, ஆனாலும் வீடியோல ரெண்டு நிமிஷத்துல அழுதுட்டான். காலைல நாலு மணிக்கு இங்க மணியடிக்கும்லா, அந்த நேரத்துக்கு அங்க தானா முழிப்பு வந்துட்டாம், மணிச் சத்தம் இல்லாம படுத்தே கிடந்தேன்க்கா, ஆறரை வரைக்கும் எந்திரிக்கவும் முடியாதுன்னான். எங்க பக்கம் கிறிஸ்மஸ்னா விடியக்காலை ஆராதனைதான், புதுச் சட்டை முடமுடன்னு, தலைல எண்ணெய், குளிருல நடுங்கிக்கிட்டு, பாதித் தூக்கத்துல பாடுவோம். அவங்க சபைல அப்படி இல்ல. அவன் போனதுல எனக்கு மனசுல தச்சது கொள்கை இல்ல, இந்த நாலு மணிதான்.

அடுத்த வருஷம் அம்மா முடிவு பண்ணிட்டா, இந்த தடவ பலகாரம் அனுப்பியே ஆகணும்னு.

முந்திரிக்கொத்துன்னு பேரே தவிர அதுல முந்திரி கிடையாது, இத முதல்ல சொல்லிறணும். சிறுபயற நல்லா வாசம் வர வறுத்து, திரிச்சு, அதுல வறுத்த தேங்காய்ப்பூ, எள்ளு, ஏலக்காய் போட்டு, கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊத்தி, சூடு ஆறதுக்குள்ள உருண்டை பிடிக்கணும். ஆறிட்டா பிடிக்க வராது, சூடா இருந்தா உள்ளங்கை வெந்துரும், அந்த நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்கும் பாருங்க அதுக்குள்ள வீட்டுல உள்ள எல்லாக் கையும் வந்தாகணும். அப்புறம் உருண்டைய அரிசி மாவுக் கரைசல்ல மூணு மூணா முக்கி எண்ணெயில விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கொத்தா வரும். அச்சு முறுக்கு பார்சல்ல நொறுங்கிப் போகும், அதிரசம் பிசுபிசுக்கும், இது மட்டும்தான் கல்லு மாதிரி பதினஞ்சு நாளுக்கு மேல தாங்கும். உடன்குடி கருப்பட்டிதான் வேணும்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னு அப்பாவ அனுப்பி வாங்குனா. யாருக்குன்னு தெரிஞ்சேதான் அப்பா போயிட்டு வந்தாவ.

டிசம்பர் 10ஆம் தேதி ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போயி மூணு பேரும் உக்காந்து பிடிச்சோம். ஒரு எவர்சில்வர் டப்பா தம்பிக்கு. பெரிய தகர டப்பா நிறைய வீட்டுக்கு, ஊருக்கு. நான் டப்பாவ பாளையங்கோட்டைக்கு எடுத்துட்டு வந்து, அரையாண்டுப் பரீட்சை, பேப்பர் திருத்தணும்னு சாக்கு சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ரூம்லயே வச்சிருந்தேன். நாலு கொத்த நானே தின்னுட்டேன், ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. சனிக்கிழமை 16ஆம் தேதிதான் போய் ஸ்பீட் போஸ்ட் பண்ணேன். அன்னிக்கே வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு.

இதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் அம்மாவுக்கு பயம் அவன நெனச்சுத்தான். மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 4 சென்னைய முக்கிட்டு, மறுநாள் ஆந்திரால பாபட்லா பக்கம் கரை ஏறிச்சு. 4ஆம் தேதி திங்கக்கிழமை, பேசுற நாளு. "வெளிய போவாதல, ஆத்துப் பக்கம் போவாதல, கோதாவரி பெரிய ஆறாம்லா"ன்னு அம்மா முக்கா மணி நேரம் அதையே சொன்னா. அவன் சிரிச்சுக்கிட்டே நம்ம ஆறு மாதிரி பத்து இருக்கும்மா அதுன்னான். நம்ம ஆறு சின்ன ஆறு, சாதுவான ஆறுன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம்.

17ஆம் தேதி ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னு இங்க உள்ளவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட. ஒரு வருஷத்துல பெய்ய வேண்டியது ஒரு நாள்ல கொட்டுச்சு. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணியும் சேந்துக்கிட்டு ஆறு ஊருக்குள்ள வந்துட்டு. திருநெல்வேலில கலெக்டர் ஆபீஸுக்குள்ளயே தண்ணி. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாயிட்டு. பாளையங்கோட்டை கொஞ்சம் மேடு, என் ரூமுக்கு ஒண்ணும் இல்ல, கரண்ட்டு மட்டும் போச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா பேசுனா, தெருவுல முழங்கால் தண்ணி, அப்பா வாழைத் தோட்டத்தப் பாக்கணும்னு நிக்காவ, நான் விடலன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு பேரு ஃபோனும் சுவிட்ச் ஆஃப். ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தீவாயிட்டுன்னு நியூஸ். திருச்செந்தூர்லேருந்து சென்னைக்குப் போன ரயிலு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னு போச்சு, 800 பேரு கிட்ட உள்ள மாட்டிக்கிட்டாங்க, பக்கத்து புதுக்குடிக்காரங்க அவங்க வீட்டு அரிசியப் பொங்கிப் போட்டாங்க. இதெல்லாம் ஃபோன்ல சார்ஜ் போக போக பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க ஊரு பேரு மட்டும் எதுலயும் வரல.

விடிஞ்சா திங்கக்கிழமை.

எனக்கு அந்த நேரம் அது ஞாபகமே இல்ல. பதினொன்றரை இருக்கும், விட்டு விட்டு சிக்னல் வருது, தம்பி. வீடியோ இல்லாம வெறும் கால். "எக்கா, அம்மா ஃபோன் போகல. அப்பாவுதும் போகல. இங்க சபைல ஒரு அண்ணன் டிவில பாத்துட்டு சொன்னாங்க. என்னாச்சு?"

ராத்திரி பூரா தூங்கல. அழுதழுது தொண்டை போயிருந்துச்சு. ஆனா அவன் குரலக் கேட்டதும் வாயில வந்தது என்னன்னா, "நேத்து ராத்திரி பேசுனேன்ல. தண்ணி வருதுன்னதும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிட்டாவ. சார்ஜ் இல்ல, டவரும் இல்ல, அவ்ளோதான். நல்லா இருக்காவ."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்ப யோசிச்சாலும் ஏன் சொன்னேன்னு தெளிவா தெரியல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கான், தெரிஞ்சாலும் என்ன பண்ணப் போறான்னு நெனச்சேன். கிளம்பி வந்தாலும் வண்டி கிடையாது, ரோடு கிடையாது. கொஞ்சம் கோவமும் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கிறேன், வீட்டுல ஒரு ஆம்பளப் புள்ள இருக்க வேண்டிய நேரத்துல ஊரான் ஊர்ல டை கட்டிட்டு சுத்துறியேன்னு.

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அப்புறம் "எக்கா ஒரு நிமிஷம், கட் பண்ணாத, ஜெபம் பண்ணிருவோம்"ன்னு ஆரம்பிச்சுட்டான். கூட அந்த டெல்லிப் பையன் முழங்கால் போடுற சத்தம் கேக்குது. தமிழ்லதான் பண்ணான். அம்மாவையும் அப்பாவையும் நேரத்துக்கு மாடிக்குக் கொண்டுபோய் சேத்ததுக்காக ஸ்தோத்திரம்னான். அக்காவோட பேச வச்சதுக்காக ஸ்தோத்திரம்னான். நான் சொன்ன பொய்ய ஒவ்வொண்ணா எடுத்து வச்சு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கான், நான் இந்தப் பக்கம் இருட்டு ரூம்ல ஆமென் சொல்றேன். என் வாழ்க்கைலயே அவ்வளவு கஷ்டமான ஆமென் அதான். அவசரம்னா வேற நாள்லயும் பேச அனுமதி வாங்கலாமாம், வாங்கவாக்கான்னு கேட்டான். தேவையில்லல, அடுத்த திங்கக்கிழமை பேசிக்கலாம்னு சொன்னதும் நான்தான்.

செவ்வாய் ஒண்ணும் தெரியல. புதன்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பர்லேருந்து அம்மா. நாப்பது செகண்ட்தான். "உசுரோட இருக்கோம்ட்டி. வாழை போச்சு. எங்களுக்கு ஒண்ணுமில்ல. இது போட்டுல வந்த பையன் ஃபோனு, சார்ஜ் தீந்துரும் வைக்கேன்." தூத்துக்குடி மீனவர்கள் படகு கொண்டுவந்த பகுதிகள்ல எங்க ஊரும் ஒண்ணு. அவங்கள நான் மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் நான் ஊருக்குப் போக முடிஞ்சுது. பாதி தூரம் வேன்ல, மிச்சம் நடை. ரோடு இருக்குற இடத்துல ரோடு இல்ல, பாலத்துப் பக்கமெல்லாம் அரிச்சுப் போயி கிடக்கு. எங்க வாழை அத்தனையும் ஒரே பக்கமா படுத்துக் கிடக்கு, பொங்கலுக்கு வெட்ட வச்சிருந்தது. வீட்டுக்குள்ள சுவத்துல என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு. அதுக்குக் கீழ எல்லாம் சேறு. அம்மா சொன்னா, ராத்திரி பன்னெண்டுக்கு மேல தண்ணி வாசப்படி ஏறிச்சாம், பக்கத்து வீட்டு பாய் வந்து கதவத் தட்டிக் கூட்டிட்டுப் போயி அவங்க மாடில வச்சிருக்காங்க, பதினாலு பேரு, மூணு ஆடு, ரெண்டு நாளைக்கு ஊறப்போட்ட அரிசியும் பிஸ்கட்டும். மாடி. பக்கத்து வீட்டு மாடி. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிட்டு, அத அப்ப யாருகிட்டயும் சொல்லல.

பெரிய தகர டப்பா கவுந்து கிடந்துச்சு. முந்திரிக்கொத்தெல்லாம் கரைஞ்சு சேத்தோட சேறாயிட்டு. பதினஞ்சு நாள் தாங்கும்னு சொன்னேன்ல, தண்ணிக்குள்ள ஒரு ராத்திரி தாங்கல. மொட்டைமாடில அப்பா பைபிளையும் ஞானப்பாட்டு புஸ்தகத்தையும் பக்கம் பக்கமா விரிச்சு கல்லு வச்சு காயப்போட்டுருந்தாவ. பக்கத்துலயே தம்பி விட்டுட்டுப் போன அந்த நீல அட்டை மார்மன் புத்தகமும் காஞ்சிட்டு இருந்துச்சு. அதுக்கும் கல்லு வச்சிருந்துச்சு. யாரு எடுத்து வச்சான்னு நான் கேக்கல.

கிறிஸ்மஸ் திங்கக்கிழமை. நாலு மணிக்கு மணி அடிச்சாங்க, கோயிலுக்குள்ள சேத்து வாசனை போகல, பெஞ்செல்லாம் இன்னும் ஈரம், எல்லாரும் கீழ சாக்கு விரிச்சு உக்காந்தோம். ஒருத்தருக்கும் புதுச் சட்டை இல்ல. ரிலீஃப்ல வந்த ஒரே மாதிரி நைட்டில நாலஞ்சு அக்காங்க. பாட்டு மட்டும் வழக்கத்த விட சத்தமா இருந்துச்சு.

பதினோரு மணிக்கு சிக்னல் கிடைக்குற இடம் பாய் வீட்டு மாடிதான், அங்க போய் என் ஃபோன செங்கல்ல சாய்ச்சு வச்சு அம்மா உக்காந்தா. தலை சீவிருந்தா. அப்பா கைப்பிடிச் சுவத்துப் பக்கம், பேப்பர் இல்ல, சும்மா ஆத்தப் பாத்துக்கிட்டு. வீடியோல தம்பி, வெள்ளச் சட்டை, டை, பக்கத்துல டெல்லிப் பையன் தலைல சிவப்புக் குல்லாவோட. அம்மா ஆதியோடந்தமா கதைய ஆரம்பிச்சா. எத்தன மணிக்கு தண்ணி எங்க வந்துச்சு, பாய் எப்படி கூப்பிட்டாரு, ஆட்ட எப்படி ஏத்துனாங்க எல்லாம். அவன் கேட்டுக்கிட்டே வந்தவன் ஒரு இடத்துல நிறுத்துனான்.

"எக்காகூட ராத்திரி எத்தன மணிக்கும்மா பேசுன?"

"எங்க பேசுனேன்? சாயங்காலமே டவரு போச்சே. புதன்கிழமைதான் பேசுனேன்."

நான் ஸ்கிரீன்ல இருக்குற சின்னக் கட்டத்துல என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. சிக்னல் போயிட்டுன்னு அம்மா ஃபோனத் தட்டுனா. போகல. அப்புறம் மெதுவா, "சரி விடு. அன்னிக்கு சொன்ன நன்றி கெடக்கட்டும், இன்னிக்கு இன்னொருவாட்டி சொல்லிக்கிறேன்"ன்னான். திட்டிருந்தா நல்லா இருந்துருக்கும்.

அந்த டெல்லிப் பையனுக்கு என்ன நடக்குதுன்னு புரியல, சூழ்நிலைய சரி பண்ணணும்னு நெனச்சானோ என்னமோ, திடீர்னு கீழ குனிஞ்சு எவர்சில்வர் டப்பாவ தூக்கி கேமரா முன்னாடி காட்டுறான். "அம்மா! சாப்டேன் அம்மா!" சனிக்கிழமை வந்து சேந்துச்சாம். ஒரு கொத்துகூட உடையல. தம்பி ஒண்ண எடுத்து கடிச்சான், கடக்னு சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. எங்க வீட்டுல அடுப்பு இல்ல, மாவு இல்ல, டப்பாவே இல்ல, அந்த வருஷ கிறிஸ்மஸ் பலகாரத்துல மிஞ்சுனது அங்க ராஜமுந்திரில இருக்குறது மட்டும்தான். அம்மா சேலை முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அதையே பாத்துட்டு இருந்தா.

அப்பா சுவத்த விட்டு வந்து ஃபோனுக்கு முன்னாடி குனிஞ்சாவ. பதினாலு மாசத்துல முதல் தடவ. அவன் மென்னுக்கிட்டு இருந்தத அப்படியே நிறுத்திட்டான்.

"எத்தன இருக்கு?"

"பத்தொம்போது கொத்துப்பா."

"அந்தப் பையனுக்கும் சரியா பங்கு வச்சுக் குடு." கொஞ்சம் நின்னு, "ராத்திரி டப்பாவ தரையில வைக்காத. மேல, பரண்ல வை"ன்னாவ.